அளவுகோலை வென்ற வீராங்கனை

உருவத்தைக் கொண்டு ஒருவரை எடைபோடலாகாது என்பதற்குப் பெருந்தேரின் அச்சாணியைச் சான்று காட்டினார் வள்ளுவப் பெருந்தகை. அக்கருத்துக்கு நம் காலம் தந்த விளக்கவுரையாகச் சீன மேசைப்பந்தாட்ட வீராங்கனை டெங் யாபிங்கின் வாழ்வைக் கொள்ளலாம்.

ஹெனான் மாகாணத்துச் செங்சௌ நகரில் 1973ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையார் மேசைப்பந்துப் பயிற்சியாளர்; ஐந்து வயதிலேயே மகளின் கையில் மட்டையைக் கொடுத்தார். ஆட்டம் விரைவில் கைவந்தது, உயரந்தான் வரவில்லை. குட்டையான சிறுமி என்று மாகாண அணியினர் அவரைத் திருப்பி அனுப்பினர். சிறுமி மனம் உடைந்துவிடவில்லை. நகர அணியில் சேர்ந்து பயின்று, பதின்மூன்று வயதிலேயே தேசிய அளவில் வெற்றி கண்டார். அதன் பின்னரும் தேசிய அணியில் தயக்கம் நிலவியது. பயிற்சியாளர் சாங் சியெலின் அவருக்காக வாதாடியதால் 1988இல் அவ்வணியின் கதவு திறந்தது.

வளர்ந்த பின்னும் அவர் உயரம் ஏறத்தாழ 150 செ.மீ. தான். ஆட்ட மேசையின் உயரமோ 76 செ.மீ. குட்டையானவருக்குக் கை எட்டும் தொலைவு குறைவு. மேசையை விட்டு விலகி நின்றால் இரு ஓரங்களையும் காப்பது கடினம். எனவே அவர் மேசையை ஒட்டியே நின்றார். துள்ளியெழும் பந்தை அது தாழுமுன்னரே அடித்தார். இதனால் எதிராளிக்குச் சிந்திக்கும் நேரம் குறைந்தது. மட்டையின் ஒரு புறத்தில் அவர் ஒட்டியிருந்த முனைகளுள்ள ரப்பர், எதிராளி தந்த சுழற்சியை மாற்றித் திருப்பியது. குறை என்று பிறர் கண்டதைச் சுற்றியே தமது ஆட்டமுறையை அவர் அமைத்துக்கொண்டார் என்பதை நாம் உணர வேண்டும்.

1989இல் சியாவ் ஹொங்குடன் இணைந்து உலக இரட்டையர் பட்டம் வென்றார். 1991, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் உலக ஒற்றையர் பட்டமும் அவருடையதாயிற்று. 1992இல் பார்சிலோனாவிலும் 1996இல் அட்லாண்டாவிலும் ஒற்றையர், இரட்டையர் என ஒலிம்பிக் தங்கம் நான்கு. தோல்வியும் அவரைத் தொடாமலில்லை. 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில், முன்னர்ச் சீனாவுக்காக ஆடிப் பின்னர் ஜப்பான் சார்பில் களமிறங்கிய கோயாமா சிரேயிடம் தோற்றார். மறு ஆண்டே உலகப் பட்டத்தை மீட்டார்.

1997இல் 24 வயதில் அவர் ஓய்வு பெற்றார். இங்கேதான் நம் மாணவர்கள் சிறப்பாக நோக்க வேண்டிய பகுதி தொடங்குகிறது. இளமை முழுவதையும் பயிற்சிக் கூடம் எடுத்துக்கொண்டதால் கல்வி பின்தங்கியிருந்தது. சிங்குவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஆங்கில நெடுங்கணக்கையே முழுதாக எழுத வராத நிலை. உலகமே அறிந்த வீராங்கனை, அரிச்சுவடி மாணவியாக அமர்ந்தார். அதற்கு அவர் நாணவில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, 2008இல் கேம்பிரிட்ஜில் முனைவரானார். ஒலிம்பிக் விளையாட்டுக்கும் சீன வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பே அவர்தம் ஆய்வுப் பொருள்.

இவ்வாழ்வு மாணவர்க்கு ஊக்கம் தருவது இயல்பே. ஆனால், ஆசிரியர்களாகிய நமக்கும் பெரியோர்க்கும் இதிலோர் எச்சரிக்கையும் உண்டு. அச்சிறுமியைத் திருப்பியனுப்பியவர்கள் தீயவர் அல்லர். கையிலிருந்த அளவுகோலை நம்பியவர்கள், அவ்வளவே. மதிப்பெண் என்னும் அளவுகோல் நம் கையிலும் இருக்கிறது. அதைக் கொண்டு நாம் திருப்பியனுப்பிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்காக வாதாட ஒரு சாங் சியெலின் இருந்தாரா? இவ்வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று.