பேலன்ஸ் ஷீட்டிலிருந்து ஆபீஸ் வாடகைக்கு!

நான் பிளஸ் டூ வரை படித்த இல்லத்தரசி. என் தங்கை எம்.காம். முடித்து, சென்னையில் ஒரு ஷேர் புரோக்கிங் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தாள். கம்பெனிகளின் கணக்கைப் படித்து, எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று அறிக்கை எழுதுகிற வேலை. கை நிறையச் சம்பளம். 2022-ல் அதை விட்டுவிட்டு, கம்பெனிகளுக்கு ஆபீஸ் இடம் வாடகைக்குப் பிடித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "புரோக்கர் வேலைக்குப் போகவாடீ உன்னை இவ்வளவு படிக்க வெச்சோம்? சம்பந்தி வீட்டுல என்னன்னு சொல்றது?" என்று ஒரே அழுகை. புரோக்கர் என்ற வார்த்தைக்கு நம் ஊரில் இருக்கிற மரியாதைதான் உங்களுக்குத் தெரியுமே! தங்கை வீட்டுக்காரர் மட்டும், "அவ கணக்குப் போட்டுத்தான் செய்வா அத்தே" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை எல்லா வீட்டிலும் கிடைத்துவிடாது.

கணக்குப் போட்டுத்தான் செய்தாள். புது இடத்தில் நிலையான சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை. மீதி கமிஷன். பெரிய ஆபீஸ் என்றால் இடம் காட்டி, பேசி, பத்திரம் பதிவாக ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகுமாம். வீட்டுக் கடனோ மாதம் தவறாமல் கட்டியாக வேண்டும். அதனால் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே ஒரு வருஷத் தவணையையும் வீட்டுச் செலவையும் சிறுகச் சிறுகச் சேர்த்து வங்கியில் போட்டு வைத்துவிட்டாள். நகையைத் தொடவில்லை.

இந்த ஆசை வந்த கதை வேறு. 2019-ல் எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் என்று, ஆபீஸ் கட்டடங்களின் வாடகை வருமானத்தை யூனிட்டுகளாகப் பிரித்து இந்தியாவில் முதன்முதலாகப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பிரித்துத் தரக்கூடிய பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று விதி. இதைப் பற்றி அறிக்கை எழுத உட்கார்ந்தவளுக்கு, காகிதத்தைவிடக் கட்டடத்தின் மேல் ஈடுபாடு வந்துவிட்டது.

அவள் சொன்ன ஒரு விஷயம் என்னைப் போன்றவர்களுக்கும் புரிந்தது. ஒரு ஆபீஸ் 10,000 சதுர அடி, அடிக்கு 70 ரூபாய் என்பார்கள். மாதம் 7 லட்சம். ஆனால் அந்த 10,000-ல் லிப்ட், மாடிப்படி, வராந்தா எல்லாம் சேர்ந்திருக்கும். மேஜை நாற்காலி போட 7,500 அடிதான் தேறும் என்றால், உண்மையில் அடிக்கு 93 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பலாப்பழத்தைத் தோலோடு நிறுத்து வாங்கிவிட்டுச் சுளையை எண்ணுகிற கதைதான்! பக்கத்துக் கட்டடத்தில் 75 ரூபாய் கேட்டாலும் 8,500 அடி தேறுமானால் அதுதான் மலிவு.

பழைய படிப்பு வீணாகவில்லையா என்று கேட்டேன். ஒரு சம்பவம் சொன்னாள். கிண்டிப் பக்கம் ஒரு பெரியவரின் கட்டடத்துக்கு இரண்டு கம்பெனிகள் போட்டி. புதுக் கம்பெனி அடிக்கு எட்டு ரூபாய் அதிகம் தரத் தயார். தங்கை இரண்டின் மூன்று வருஷக் கணக்கையும் வாங்கிப் பார்த்தாள். புதியதில் கையிருப்பு மளமளவென்று கரைந்துகொண்டிருந்தது. "ஐயா, மூணு வருஷம் காலி பண்ணக்கூடாதுன்னு எழுதி வாங்கினாலும், பணமே இல்லாதவன்கிட்ட என்னத்தை வாங்குவீங்க?" என்று சொல்லிவிட்டாள். வாடகை குறைந்தால் அவளுடைய கமிஷனும் குறையும். பெரியவர் யோசித்து, குறைந்த வாடகைக்குப் பழைய கம்பெனியையே வைத்தார். அதன்பின் தன் சொந்தக்காரர்கள் இரண்டு பேரின் கட்டடங்களையும் இவளிடமே ஒப்படைத்தார்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. மே மாத வெயிலில் பூசாத கட்டடத்தில் ஏழு மாடி ஏறி, ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட், மின் இணைப்பு எவ்வளவு தாங்கும், பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை என்று பார்க்க வேண்டும். (கழிப்பறையை முதலில் பார்ப்பவள் தான் ஒருத்திதான் என்பாள்!) ஆள் இல்லாத கட்டடத்துக்குத் தனியாகப் போவதில்லை, ஆபீஸ் பையனைக் கூட்டிக்கொண்டு பகலிலேயே முடித்துவிடுவாள். "உங்க சாரை அனுப்புங்கம்மா, பேசிக்கிறோம்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு.

இந்த வேலைக்கு வர நினைக்கும் சகோதரிகள், கமிஷன் எப்போது கைக்கு வரும், ஒப்பந்தம் பதிவானவுடனா, பணம் வசூலான பிறகா, இடையில் வேலையை விட்டால் அது கிடைக்குமா என்று சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். இரண்டாம் வருஷம் அவள் வருமானம் பழைய சம்பளத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் மாதா மாதம் இல்லை. நாலு மாதம் காயும், ஒரு மாதம் கொட்டும். கொட்டுகிற மாதத்தில் வீட்டுக் கடனுக்கு ஆறு தவணையை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் மற்ற செலவு.

அம்மா மட்டும் இன்னும் அக்கம்பக்கத்தில், "சின்னவ பேங்க் சம்பந்தமா என்னவோ பண்றா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

- ஒரு வாசகி, மதுரை