பூதம் வந்தால் கேட்க ஒன்பது வரங்கள்: மாத்திரை டப்பாவும் சக்கர நாற்காலியுமாக ஒரு நெல்லைப் பட்டியல்

திடீரென்று ஒரு பூதம் வந்து, "ஒன்பது வரம் தரேன், கேளுங்க" என்றால் என்ன கேட்பீர்கள்? பங்களா, கார், வெளிநாட்டு விசா என்று போகும் பலருடைய பட்டியல். தீராத நோயோடும் உடல் குறைபாட்டோடும் நாளை ஓட்டுபவர்களின் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். "குணமாகணும்" என்பதைப் பூதமே ஊகித்துக்கொள்ளட்டும். அதற்கு அடுத்து என்ன? திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவர் கேட்டால் எப்படிக் கேட்பார் என்று யோசித்தோம். ஒவ்வொரு வரத்தையும் உண்மையில் யார் தர வேண்டும் என்பதையும் கூடவே எழுதியிருக்கிறோம்.

வரம் 1: ஆலோசனை மீட்டர்

"உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்ட வாய் மூடும் முன்பே மருந்து சொல்லிவிடுவது நம்ம ஊர்ப் பாசம். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான். ஒரு சூப்பு குடிச்சாரு, இப்போ ஓடுதாரு" என்பார் பஸ்ஸில் பக்கத்து சீட் அண்ணாச்சி. "பச்சைத்தண்ணியில குளிக்காதிய" என்பார் ஒரு அத்தை. "பச்சைத்தண்ணியிலதான் குளிக்கணும்" என்பார் இன்னொரு அத்தை. அதனால் நெற்றியில் ஓர் ஆட்டோ மீட்டர் வேணும். ஆலோசனை ஒன்றுக்கு 10 ரூபாய். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பினால் அல்வா வாங்கக் காசு தேறிவிடும்.

சிரிப்புக்குள் ஒரு ஆபத்தும் இருக்கு. பல நோய்களுக்குக் கட்டுப்பாடுதான் உண்டு, முழு குணம் கிடையாது. சூப்பை நம்பி மாத்திரையை நிறுத்தினால், கட்டுக்குள் இருந்ததும் கைமீறிப் போகும்.

தர வேண்டியவர்: நீங்கள்.

வரம் 2: தலைக்கு மேல் பேட்டரி அளவு

போனில் 12 சதவீதம் என்று காட்டினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மனுஷன் "முடியல" என்றால் மட்டும் விசாரணைக் கமிஷன். லூபஸ் நோய் கொண்ட அமெரிக்கர் கிறிஸ்டின் மிசரான்டினோ, 2003-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். தோழியின் கையில் ஸ்பூன்களைக் கொடுத்து, "இதுதான் இன்றைய சக்தி" என்றார். குளித்தால் ஒன்று போச்சு, சமைத்தால் ஒன்று போச்சு. தீர்ந்தால் தீர்ந்ததுதான், கடன் வாங்கினால் நாளைக் கணக்கில் கழியும். 'ஸ்பூன் தியரி' என்று உலகம் முழுக்கப் பரவியது இதுதான். நேற்று வண்ணார்பேட்டை வரை நடந்தவர் இன்று வாசல் வரை வரவில்லை என்றால் அது நடிப்பு அல்ல, நேற்றைய செலவு.

தர வேண்டியவர்: பேட்டரி அளவைப் பூதம்தான் தரணும்.

வரம் 3: பாக்கெட்டில் மடிக்கும் சாய்தளம்

"ஒரே ஒரு படிதானே சார்?" என்பார்கள். கணக்குப் போடுவோம். சாய்தளத்துக்கான விதி 1:12. அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேணும். 15 செ.மீ. உயரமுள்ள அந்த 'ஒரே படி'க்கு 180 செ.மீ. சாய்தளம். பத்து படி என்றால் 18 மீட்டர். செங்குத்தாக ஒரு பலகையைச் சாய்த்து வைத்து "ரேம்ப் இருக்கே" என்றால், அது சறுக்கு மரம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல், அதன் விதிகள் 2017 ஜூனில். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் அணுகும்படி மாற்றச் சொன்னது சட்டம். அந்தக் கெடு 2022 ஜூனில் முடிஞ்சாச்சு. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தர வேண்டியவர்: அரசு.

வரம் 4: மண்டியிடும் பஸ்

பஸ் படி இடுப்பு உயரத்தில், கால் தரையில், கண்டக்டர் விசில் வாயில். இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் இந்த வரத்தின் அருமை தெரியும். ஜங்ஷனிலிருந்து டவுனுக்கும் பாளைக்கும் பாபநாசத்துக்கும் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் நின்றதும் மண்டியிட்டு, "வாங்க, மெதுவா ஏறுங்க" என்று சொல்லணும். மாயாஜாலம் மாதிரித் தோணுதா? சென்னையில் 2024 ஆகஸ்ட்டில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள் இதைத்தான் செய்கின்றன. ஏறும் பக்கம் தாழ்கிறது, சக்கர நாற்காலி ஏறப் பலகை விரிகிறது.

தர வேண்டியவர்: அரசு.

வரம் 5: தானாக வீடு தேடி வரும் மாத்திரை

மாதம் ஒரு நாள் லீவு, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வரை ஒரு பயணம், வரிசையில் ஒரு தவம். எல்லாம் அதே பிரஷர் மாத்திரைக்கு. "அது தானா வீட்டுக்கு வரக்கூடாதா?" என்று கேட்டால் ஒரு காலத்தில் சிரித்திருப்பார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதைத்தான் செய்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும்கூட உண்டு. நோயாளியின் ஆசை அரசாணை ஆக முடியும் என்பதற்குக் கண்முன்னே இருக்கும் சாட்சி இது.

தர வேண்டியவர்: அரசு. வரம் வந்தாச்சு, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வரம் 6: 'கால் இன்னும் வளரவில்லை' சான்றிதழ்

சின்ன வயதில் போலியோ வந்த காலை, ஒவ்வொரு ஆபீஸிலும் புதிதாக நிரூபிக்கச் சொல்வார்கள். போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில் கால் வளர்ந்திருந்தால் முதலில் சொந்தக்காரர்களுக்குத்தானே சொல்லியிருப்போம்? இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் நாடு முழுக்கச் செல்லும் யு.டி.ஐ.டி. என்ற ஒற்றை அட்டை வந்தது.

ஒரு முக்கியத் தகவல்: 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016 சட்டத்தில் 21. பார்க்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்றவையும் இப்போது உண்டு. இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது அளவுகோல். ஆனால் சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை அந்தப் பெயரில் பட்டியலில் இல்லை. தினமும் வலியோடு எழுபவர்களில் பலர் இன்னும் சட்டத்தின் கண்ணில் 'நல்லாத்தான் இருக்காங்க'.

தர வேண்டியவர்: அரசு.

வரம் 7: பேச்சைத் திருப்பிவிடும் கண்ணாடி

சக்கர நாற்காலியில் இருப்பவர் முன்னால் நின்றுகொண்டு, தள்ளி வந்தவரிடம், "அவங்களுக்குக் காபிக்குச் சீனி போடலாமா?" என்று கேட்பார்கள். கால்தான் வேலை செய்யலை, நாக்கு நல்லாத்தான் இருக்கு. இதன் மறுபக்கம் இன்னும் கொடுமை: காபியைக் குடித்து முடித்தால் "உங்களைப் பார்த்தா ரொம்ப இன்ஸ்பிரேஷனா இருக்கு" என்பார்கள். காபி குடித்ததற்குக் கைதட்டு வேண்டாம். சீனி போடலாமா என்று நேரே கேட்டால் போதும்.

தர வேண்டியவர்: நீங்கள்.

வரம் 8: "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க"வுக்குத் தடை

ஆபீஸில் காய்ச்சலுக்கு அனுதாபம் கிடைக்கும். ஏனென்றால் அது மூணு நாளில் போயிடும். முடக்குவாதம் போகாது. மூணாவது மாதத்தில் அனுதாபம் சந்தேகமாக மாறும். 2016 சட்டத்தின் 21-வது பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. தனியார் நிறுவனங்களும் இதில் அடக்கம். பணியில் இருக்கும்போது உடல் குறைபாடு வந்துவிட்டது என்பதற்காக அரசு ஊழியரை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்கிறது 20-வது பிரிவு. உங்கள் நிறுவனத்தின் கொள்கை எங்கே என்று ஹெச்.ஆரிடம் ஒரு மெயில் தட்டிப் பாருங்கள்.

தர வேண்டியவர்: உங்கள் அலுவலகம்.

வரம் 9: படி இல்லாத ஒரு படித்துறை

இதில் கிண்டல் இல்லை. பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் தாமிரபரணியில் இறங்கிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு, கால் ஓய்ந்த பிறகு அந்த ஆறு பார்க்க மட்டும்தான். 2018 அக்டோபரில் மகா புஷ்கரத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்து முங்கிப் போனார்கள். கரையில் வீடு இருந்தும் தண்ணீர் தொடாதவர்களும் இங்கே உண்டு. ஒரு சாய்தளம், ஒரு கைப்பிடிக் கம்பி, தண்ணீர் வரைக்கும். அவ்வளவுதான்.

தர வேண்டியவர்: அரசு.

பூதத்துக்குக் காத்திருக்காதவர்

இந்த வட்டாரத்திலேயே ஒருவர் காத்திருக்கவில்லை. ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981-ல் ஆய்க்குடியில் அவர் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். தனக்குச் சிகிச்சையளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். தசைச்சிதைவு நோய் கொண்ட ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் சேர்ந்தார். பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று வளர்ந்த அந்த இடம், அப்போது நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி. 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு "அவர் சாதிச்சாரே, நீ ஏன் முடியாதுங்கிற?" என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். அதற்கும் மீட்டர் ஓடும். ஒருவர் ஒரு வளாகத்தைக் கட்டிக்கொள்ளலாம். டவுன் பஸ்ஸையும் பேங்க் படியையும் அவர் தனியாக மாற்ற முடியாது.

கணக்கு என்ன சொல்லுது?

ஒன்பது வரங்களில் பூதம் தேவைப்படுவது ஒன்றே ஒன்றுக்கு. ஐந்து அரசு தர வேண்டியவை. அதில் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. மூன்று உங்கள் கையிலும் உங்கள் அலுவலகத்தின் கையிலும். நாளைக்கு ஆபீஸ் போகும்போது வாசலில் எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது 21 வகைக் குறைபாடுகளில் ஒன்று இருந்தும் அட்டை இல்லையென்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போனால் மருந்து சொல்வதற்குப் பதில், "நான் ஏதாவது வேலை செஞ்சு தரட்டுமா?" என்று கேளுங்கள். கேட்டுட்டு, அவர் சொல்றதைச் செய்யுங்கள்.