முதல் பட்டதாரி மாணவர்கள்: கல்லூரியின் முதல் ஆண்டில் மனநலமும் துணையும்

குடும்பத்தில் எவரும் பட்டம் பெற்றிராத நிலையில், முதன்முதலாகக் கல்லூரியில் சேரும் மாணவரைத் தமிழ்நாட்டில் 'முதல் பட்டதாரி' என்று அழைக்கிறோம். அரசு ஆவணங்களிலிருந்து மக்கள் வழக்குக்கு வந்த சொல் இது. ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்விப் படிப்புகளில் சேரும் இத்தகைய மாணவர்களுக்கு 2010ஆம் ஆண்டு முதல் கல்விக் கட்டணச் சலுகை வழங்கப்படுகிறது. அதற்கென வருவாய்த் துறை தரும் சான்றே முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகும். கட்டணம் என்னும் தடையை இச்சலுகை குறைத்தது. ஆயினும் கல்லூரிக்குள் நுழைந்த பின் எதை, யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தனியே தவிக்கும் நிலையைக் கட்டணச் சலுகையால் மட்டும் நீக்க முடியாது. அத்தவிப்பு உடலிலும் மனத்திலும் எவ்வாறு வெளிப்படுகிறது, கல்லூரியிலும் வீட்டிலும் எத்தகைய துணை அதைத் தணிக்கும், எப்போது மருத்துவரை நாட வேண்டும் என்பவற்றைத் திருவண்ணாமலைச் சூழலை முன்வைத்து இப்பக்கம் விளக்குகிறது.

திருவண்ணாமலையின் நிலை

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரையிலானோரின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்திய அளவில் அது 28.4 விழுக்காடு. ஒரு தலைமுறைக்கு முன் இந்நிலை இல்லை. ஆகவே இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் பலரின் பெற்றோர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் என்பது வியப்பன்று.

திருவண்ணாமலை நகரிலுள்ள கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரிக்கும், செய்யாற்றிலுள்ள அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கும், ஆரணியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிக்கும் வரும் மாணவர்களின் வீடுகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். நெல்லும் நிலக்கடலையும் பயிரிடும் குடும்பங்கள், ஆரணிப் பகுதியில் பட்டு நெய்யும் குடும்பங்கள், கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குச் சென்று பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டிருக்கும் குடும்பங்கள், சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் ஆகியவற்றிலிருந்து இவர்கள் வருகின்றனர். ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கி வரும் மாணவருக்குக் கல்லூரி மட்டுமல்ல, நகரமே புதிது.

ஊரிலிருந்து நாள்தோறும் வந்து செல்லும் மாணவருக்கு மற்றொரு குறை உண்டு. கடைசி மணி அடித்ததும் அவர் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. நட்பு என்பது பெரும்பாலும் வகுப்பு முடிந்த பிறகு, தேநீர்க் கடையிலும் விளையாட்டுத் திடலிலும் உருவாவது. அந்த ஒரு மணி நேரம் இவருக்குக் கிடைப்பதில்லை. கார்த்திகை தீபம், சித்ரா பௌர்ணமி போன்ற நாள்களில் நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படும்போது கல்லூரிக்கு வந்து சேர்வதே அரிதாகிவிடுகிறது. விடுபட்ட பாடத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நண்பர்கூட இல்லையெனில், ஒரு நாள் விடுப்பு ஒரு வாரக் குழப்பமாக வளர்கிறது.

தவிப்பின் வேர்

அக மதிப்பெண், அரியர், மறுமதிப்பீடு, வருகைப் பதிவுக் குறைவுக்கான கட்டணம், உதவித்தொகைப் புதுப்பித்தல் ஆகியவற்றை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. அண்ணனோ அக்காவோ கல்லூரிக்குச் சென்ற வீட்டில் இச்சொற்கள் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழுந்துவிடும். முதல் பட்டதாரி மாணவர் இவற்றை முதன்முறையாகக் கேட்பது பெரும்பாலும் அறிவிப்புப் பலகையில், அதுவும் கடைசித் தேதிக்குப் பிறகு. அப்போது அவர் மனத்தில் எழும் எண்ணம் "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பதன்று. "எனக்குத்தான் புரியவில்லை" என்பதே. தமிழ்வழியில் பயின்று ஆங்கிலவழி வகுப்பில் அமரும்போது இவ்வெண்ணம் மேலும் உறுதிப்படுகிறது. மொழி புரியாததை அறிவுக் குறைவு என்று மாணவர் தவறாக எண்ணிக்கொள்கிறார்.

திறமையும் தகுதியும் இருந்தும் "நான் இங்கு இருக்கத் தகுதியற்றவர், ஒரு நாள் அனைவருக்கும் இது தெரிந்துவிடும்" என்று அஞ்சும் மனநிலையைப் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1978ஆம் ஆண்டில் விளக்கினர். இது நோயன்று. ஆனால் எவரிடமும் சொல்லாமல் நெடுநாள் மறைத்து வைத்தால் மனத்தை அரிக்கக்கூடியது.

இத்துடன் குற்ற உணர்வும் சேர்கிறது. அம்மாவின் நகை அடகில் இருப்பதும், தம்பி படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் செல்வதும் மாணவருக்குத் தெரியும். அப்பா தொலைபேசியில் "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டால் "நல்லாப் போகுதுப்பா" என்பதைத் தவிர வேறு விடை அவரிடம் இல்லை. இரு பக்கமும் அன்பினால்தான் இவ்வாறு பேசுகின்றனர். உண்மை மட்டும் பேசப்படாமல் நின்றுவிடுகிறது.

உடல் காட்டும் அறிகுறிகள்

மனத்தவிப்பைச் சொற்களில் கூறப் பழகாத மாணவரிடம் அது தலைவலி, வயிற்றெரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை, பசியின்மை, மாதவிடாய் ஒழுங்கின்மை ஆகிய வடிவங்களில் வெளிப்படலாம். இவை நடிப்பல்ல, வலி உண்மையானது. "கல்லூரிக்குப் போகாமல் இருக்கச் சாக்கு" என்று கடிந்துகொள்வதால் வலி மறைவதில்லை. அதைச் சொல்வதுதான் நின்றுபோகிறது.

அதேவேளையில், எல்லாவற்றையும் மனத்தின் மேல் சுமத்துவதும் தவறு. காலை ஆறு மணிப் பேருந்துக்காக வெறும் தேநீருடன் புறப்பட்டு நண்பகல் வரை பட்டினி இருப்பவருக்குத் தலைவலியும் வயிற்றெரிச்சலும் வருவது இயல்பே. இரத்தசோகை, பார்வைக் குறைபாடு, தைராய்டு சுரப்புக் கோளாறு ஆகியவையும் சோர்வையும் கவனக்குறைவையும் தோற்றுவிக்கும். எனவே முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனையும் உடல் பரிசோதனையும் செய்துகொள்க. கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிந்தால் கண் பரிசோதனையும் தேவை. உடலில் குறை ஏதும் காணப்படாமல், தொல்லை விடுமுறை நாள்களில் தணிந்து ஞாயிறு இரவில் மீண்டும் தலைகாட்டுமாயின், காரணம் கல்லூரிச் சூழலில் இருக்கக்கூடும் என்று கருதி மாணவரிடம் பரிவுடன் பேச வேண்டும்.

கோயிலில் வேண்டிக்கொள்வதும் மந்திரித்துக் கயிறு கட்டுவதும் குடும்பத்தின் நம்பிக்கை சார்ந்தவை. அவற்றின் பொருட்டு மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போடாதிருத்தல் வேண்டும்.

கல்லூரியில் தேவைப்படும் துணை

இத்தவிப்பைத் தணிப்பதில் மூத்த மாணவரின் சொல்லுக்குத் தனி ஆற்றல் உண்டு. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் ஆகியோர் 2011ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், "இங்கு எனக்கு இடமில்லை என்னும் கவலை தொடக்கத்தில் எங்களுக்கும் இருந்தது, பின்னர் மறைந்தது" என்று மூத்த மாணவர்கள் கூறிய அனுபவங்களை முதலாண்டு மாணவர்கள் படித்தனர். ஏறத்தாழ ஒரு மணி நேரமே நீடித்த அம்முயற்சிக்குப் பின்வந்த மூன்றாண்டுகளில், அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் உயர்ந்தன. தங்கள் உடல்நலம் மேம்பட்டதாகவும் அவர்கள் தெரிவித்தனர். முதல் தலைமுறை மாணவர்களிடையே நிக்கோல் ஸ்டீஃபன்ஸ் குழுவினர் நடத்தி 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதற்கு நெருக்கமானது. மூத்த மாணவர்கள் தம் குடும்பப் பின்னணியை மறைக்காமல், அதனால் எழுந்த இடர்களையும் அவற்றைக் கடந்த வழிகளையும் கூறக் கேட்ட மாணவர்கள், ஆசிரியரை நாடி உதவி கேட்பதில் முன்னேறினர். மதிப்பெண் இடைவெளியும் குறைந்தது.

அமெரிக்க வகுப்பறை வேறு, நம் வகுப்பறை வேறு. ஆயினும் அடிப்படை ஒன்றே. பொது அறிவுரையைவிட, போளூரிலிருந்தோ செங்கத்திலிருந்தோ அதே பேருந்தில் வந்து, அதே ஆங்கிலத்தோடு போராடி, இரண்டு அரியர்களை எழுதித் தேறிய மூன்றாமாண்டு மாணவரின் அரை மணி நேரப் பேச்சு முதலாண்டு மாணவரின் மனத்தில் பதியும். கல்லூரிகள் தொடக்க விழாவில் தங்கப் பதக்கம் பெற்றவரை மட்டும் மேடையேற்றாமல், தடுமாறி எழுந்தவரையும் பேச அழைப்பது பயன் தரும்.

தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்னும் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டன. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வழங்கியுள்ளது. உங்கள் கல்லூரியில் அவர் யார், எந்த அறையில், எந்த நேரத்தில் இருப்பார் என்பதைத் தேவை வருவதற்கு முன்னரே அறிந்து வைத்திருங்கள். துறையின் வகுப்புப் பொறுப்பாசிரியர், விடுதிக் காப்பாளர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் ஆகியோரும் அணுகத்தக்கவர்களே. எல்லாரையும் அணுக வேண்டுவதில்லை. ஓர் ஆசிரியர், ஒரு மூத்த மாணவர், அருகில் அமரும் ஒரு வகுப்புத் தோழர் என்று மூவரைப் பெயர் சொல்லி அறிந்துகொண்டாலே முதல் பருவத்தைக் கடக்க வழி பிறக்கும். பேச்சைத் தொடங்கத் தயக்கமாக இருந்தால், "உதவித்தொகை விண்ணப்பம் எங்கே கொடுக்க வேண்டும், அண்ணா?" போன்ற சிறு கேள்வியே போதும்.

சொந்த ஊர் மாணவர்களோடு சேர்ந்திருப்பது முதல் மாதங்களில் பெரும் ஆறுதல் தரும். ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியிலும் ஒரு நட்பையேனும் தேடிக்கொள்வது நல்லது. தகவல்கள் பெரும்பாலும் வேறு வட்டங்களிலிருந்தே வந்து சேர்கின்றன.

மூத்த மாணவரை அணுகுவது வேறு, பகடிவதைக்கு உட்படுவது வேறு. பகடிவதை தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். இழிவுபடுத்தப்பட்டால் 1800-180-5522 என்னும் தேசிய உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

கல்லூரி அறியாத பெற்றோர் செய்யக்கூடியவை

"நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?" என்று பெற்றோர் ஒதுங்கிவிடுவதுண்டு. பாடத்தில் உதவ முடியாது என்பது உண்மைதான். மாணவருக்குத் தேவைப்படுவது அது மட்டுமன்று. மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் "இன்னைக்கு யாரோட சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து பல நாள் "யாரோடும் இல்லை" என்று விடை வந்தால், அது கவனிக்க வேண்டிய செய்தி.

ஒரு முறையேனும் கல்லூரிக்குச் சென்று வகுப்புப் பொறுப்பாசிரியரைக் காணுங்கள். உடையைப் பற்றியோ பேச்சைப் பற்றியோ கூச்சம் வேண்டாம். அரியர் என்பது மீண்டும் எழுதித் தேறக்கூடிய தேர்வு. படிப்பின் முடிவு அன்று என்பதைப் பிள்ளைக்கு முன் நீங்கள் அறிந்து அமைதி கொள்ளுங்கள். செலவுக் கணக்கை ஒவ்வொரு அழைப்பிலும் சொல்லிக்காட்டாதீர்கள். நிலக்கடலை பறிப்பும் தேர்வும் ஒரே வாரத்தில் வந்தால், தேர்வு நாள்களில் மட்டுமாவது வயல் வேலையிலிருந்து விடுவியுங்கள்.

மாணவியர் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். "ஒரு பாடத்தில் தோற்றால் கல்யாணம் பேசிவிடுவார்கள்" என்னும் அச்சத்தில் தோல்வியை மறைக்கும் பெண்கள் உள்ளனர். படிப்பு முடியும்வரை அப்பேச்சு எழாது என்று வீட்டார் வெளிப்படையாக உறுதி கூறுவது பெரும் மனச்சுமையை இறக்கும். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் அவர்களது வங்கிக் கணக்கில் சேர்கிறது. வீட்டு நெருக்கடி புரிகிறது. இருப்பினும் அத்தொகையில் காலை உணவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும் பங்கை மாணவரிடமே விட்டுவிடுவது அவரது உடல்நலத்துக்கு உகந்தது.

மருத்துவரை எப்போது நாட வேண்டும்?

சோர்வு, அழுகை, உறக்கக் கேடு, எதிலும் விருப்பமின்மை, காரணமற்ற எரிச்சல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மாணவர் அறையைவிட்டு வெளியே வராமல் வகுப்புகளைத் தொடர்ந்து தவிர்த்தாலோ, மது அல்லது பிற போதைப் பொருள்களை நாடத் தொடங்கினாலோ மனநல மருத்துவரைக் காண வேண்டும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். மனச்சோர்வுக்கான மருந்துகள் முழுப் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். அவை போதை மருந்துகள் அல்ல. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உறுதி செய்கிறது.

"நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் சுமை குறையும்" என்பது போன்ற பேச்சு, திடீரென விடைபெறும் தோரணை, நேசித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவை காணப்பட்டால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை, மனம்விட்டுப் பேச வழி பிறக்கிறது. அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கான பூச்சிக்கொல்லிகளையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே மேற்கண்ட சட்டம் கருதுகிறது. ஆகவே வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதிக்க வேண்டாம்.

14416 என்னும் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108. சிகிச்சையால் வகுப்புகள் விடுபட்டிருந்தால், மருத்துவமனையின் ஓ.பி. சீட்டையும் மருத்துவச் சான்றையும் பத்திரப்படுத்தி, பருவத் தேர்வுக்கு முன்னரே துறைத் தலைவரிடம் அளித்து, வருகைப் பதிவுக் குறைவுக்கு விலக்குக் கோருங்கள். சான்றில் நோயின் பெயரைக் குறிப்பிடுவது பற்றி மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளலாம்.