களைகொல்லியின் தீங்கை முன்னறிதல்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குச் செல்லும் பாதையில் தேயிலை மலைகள் செங்குத்தாக இறங்குவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். மேல்மலையில் தெளித்த மருந்து மழைநீரோடு வழிந்து, கீழேயுள்ள பீலியைச் சேர்வதற்கு அதிக தூரம் இல்லை. ஆதலின், புல்லுக்கு அடிக்கும் மருந்து மனிதருக்கு என்ன செய்யும் என்பது இப்பகுதி மக்களுக்கு வெறும் ஏட்டு வினாவன்று. புதிய களைகொல்லி ஒன்று தோட்டத்துக்கு வருமுன்னரே அதன் தீங்கை விஞ்ஞானிகள் எவ்வாறு மதிப்பிடுகின்றனர்? அம்மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இக்கலையின் வரலாற்றிலே களைகொல்லிக்கே முக்கிய இடமுண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பொமோனா கல்லூரி இரசாயனப் பேராசிரியர் கோர்வின் ஹான்ஷ், தாவரவியலாளர் ரொபேட் மூயர் முதலியோருடன் சேர்ந்து, பயிர்வளர்ச்சியைப் பாதிக்கும் பீனொக்சி அசெற்றிக் அமிலங்களை ஆராய்ந்தார். ஒரு சேர்க்கை எண்ணெய்த் தன்மையுள்ள திரவத்தில் எவ்வளவு கரைகிறது, நீரில் எவ்வளவு கரைகிறது என்னும் விகிதத்தையும், அதன் அணுக்களில் மின்னூட்டம் பரவியிருக்கும் பாங்கையும் கொண்டு, அது செடியில் விளைக்கும் பயனைக் கணக்கிடலாம் என்று அவர்கள் 1962ஆம் ஆண்டில் காட்டினர். இன்று மருந்தாக்கத் துறை முழுவதும் கையாளும் முறைக்கு வித்து இதுவே.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. முன்பின் கேளாத பகுபதம் ஒன்றைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்து அதன் பொருளை ஊகிக்கிறோமல்லவா? அவ்வாறே புதிய சேர்க்கையின் உறுப்புகளைப் பிரித்து, ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான சேர்க்கைகளோடு கணனி ஒப்பிடுகிறது. ஆனால் இடுகுறிச் சொல்லைப் பிரித்துப் பொருள் காண இயலாது. தெரிந்த குடும்பங்களுக்கு அப்பாற்பட்ட சேர்க்கையிடத்தும் இம்மதிப்பீடு செல்லாது. எந்த எல்லைக்குள் தன் கணக்குச் செல்லும் என்பதை வரையறுத்துக் கூறவேண்டும் என 2004ஆம் ஆண்டிலேயே பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் நாடுகள் விதி வகுத்துக்கொண்டன.

வேறொரு சிக்கலும் உண்டு. "பாதுகாப்பு" என்பது ஒரே எண்ணில் அடங்குவதன்று. பரக்குவாட் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். களிமண்ணை அது இறுகப் பற்றிக்கொள்வதால் நீரோடு எளிதிற் செல்லாது. நிலத்தடி நீரை மட்டும் கருதினால் நல்ல மருந்தென்றே சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு வாயளவு உள்ளே சென்றால் நுரையீரலைக் கெடுத்து உயிரைப் போக்கிவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. இலங்கை 2008ஆம் ஆண்டு தொடக்கம் அதனைப் படிப்படியாகத் தடை செய்தது.

கணிப்பு, தூய சேர்க்கையைப் பற்றியதே என்பதையும் மறத்தலாகாது. வியட்நாம் போரில் காடழிக்கப் பயன்பட்ட 2,4,5-டி என்ற களைகொல்லியோடு, அதைத் தயாரிக்கும்போதே விளைந்த டயொக்சின் என்னும் கொடிய அசுத்தமும் கலந்திருந்தது. களைகொல்லியின் சூத்திரத்தை எத்தனை முறை நோக்கினும் அந்த அசுத்தம் அதிற் தென்படாது. கிளைபோசேட்டும் ஓரளவு இத்தகையதே. அது தாக்கும் நொதியம் செடிகளிலும் நுண்ணுயிர்களிலும் உண்டு. மனித உடலில் இல்லை. எனினும் இலையில் ஒட்டுவதற்காக அதனோடு சேர்க்கப்படும் சவர்க்காரம் போன்ற பொருள்களிற் சில, அம்மருந்திலும் நச்சுத்தன்மை மிகுந்தவை.

2015ஆம் ஆண்டில், புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் கிளைபோசேட்டை அநேகமாகப் புற்றுநோய் விளைக்கக்கூடியது என வகைப்படுத்திற்று. அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதற்கு மாறான முடிவைக் கூறியது. வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோய்க்கு இம்மருந்தே காரணமாகலாம் என்ற ஐயத்தின் பேரில் நம் நாடு அதே ஆண்டில் இறக்குமதியைத் தடை செய்தது. அத்தொடர்பு இன்றளவும் ஐயமற நிறுவப்படவில்லை.

தடை வந்ததே தவிர, புல் வளர்வது நிற்கவில்லை. தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. முதலிய வேறு மருந்துகளை நாடின. இது ஹான்ஷ் ஆராய்ந்த அதே பீனொக்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது! அதன் எச்சம் நம் தேயிலையிற் காணப்பட்டதாக யப்பானிலிருந்து முறைப்பாடு எழுந்தது. தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்கு யப்பான் அனுமதிப்பது பத்துக் கோடியில் ஒரு பங்கே. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடை தளர்த்தப்பட்டது. 2022இல் முற்றாக நீங்கியது. விலக்கிய மருந்தின் தீங்கை விவாதித்த அளவுக்கு, அதன் இடத்திற்கு வரப்போகும் மருந்தை எவரும் முன்கூட்டி மதிப்பிட்டதாகத் தெரியவில்லை என்பது என் எண்ணம்.

இறுதியாக, தெளிகலனை முதுகிற் சுமப்பவரின் கணக்கு. தோலிற் படும் அளவை மதிப்பிடுகையில், கையுறை அணிந்தால் அது பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்று கொள்வது ஐரோப்பிய வழக்கம். கையுறை கிழிந்திருந்தாலோ, கொடுக்கப்படாதிருந்தாலோ, அவர் கையிற் படுவது கணக்கிட்டதைப் போலப் பத்து மடங்காகலாம். ஊவாவிலோ, ஆடி ஆவணியிற் கச்சான் காற்று மலை கடந்து இறங்கி வீசும்போது, அடித்த மருந்தே அடித்தவர் முகத்துக்குத் திரும்பி வருகிறது. மருந்தைப் பதிவு செய்யும் பீடைகொல்லிப் பதிவாளரும், தேயிலைக்கு உகந்ததா என ஆராயும் தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரும், அம்மனிதர் வெறுங்காலோடு இச்சரிவில் நிற்பதாகவே வைத்துக் கணக்கிட வேண்டும்.