கடல் கடக்கும் கரும்பலகை – 11: வணிக ஒப்பந்தத்துக்குள் ஓர் ஆங்கில ஆசிரியர்

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புபவர், சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்பு, அந்த நாட்டின் சட்டம் யாரை ஆங்கில ஆசிரியராக ஏற்கிறது என்பதை விசாரிக்க வேண்டும் என்று சென்ற வாரம் கூறப்பட்டது. தொடர்ந்து வாசித்து வருவோருக்கு அதற்கு மேல் நினைவூட்டல் தேவைப்படாது. இந்த வாரத்துக்கு உரியதாக அறிவிக்கப்பட்டது மாலத்தீவு. ஆயினும் அக்கேள்விக்குத் தென்கொரியா வைத்திருக்கும் விடையை அறியாமல் வேறு நாட்டுக்குப் போவது முறையாகாது.

திருத்தணியில் இக்கேள்விக்குத் தனி எடை உண்டு. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில் புழங்கும் ஊர் என்பதால், இங்கு பி.எட். முடித்து ஆங்கில ஆசிரியராகும் ஒருவருக்கு ஆங்கிலம் பெரும்பாலும் மூன்றாவதாக வந்து சேர்ந்த மொழியாகவே இருக்கும். ஒரு மொழியை முயன்று கற்றவருக்கு, கற்பவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பது தம் பட்டறிவாலேயே தெரிந்திருக்கும். கற்பித்தல் தொழிலில் இதைவிடப் பெரிய முதலீடு வேறில்லை. ஆனால் அந்த முதலீட்டை மதிப்பிடும் அளவுகோல் எல்லா நாடுகளின் குடிவரவுச் சட்டங்களிலும் இருப்பதில்லை.

தென்கொரியா அயல்மொழிப் பயிற்றுநர்களுக்கு வழங்கும் விசா இ-2 எனப்படும். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாக வழங்கப்படுகிறது. அந்நாடுகளில் ஒன்றின் கடவுச்சீட்டை வைத்திருப்பவர் எந்தப் பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றிருந்தாலும், 'ஹாக்வொன்' என்று அங்கே வழங்கும் தனியார் பயிற்சி நிலையங்களில் ஆங்கிலம் கற்பிக்க விண்ணப்பிக்கலாம். ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் பி.எட். பட்டமும் பெற்று, பத்தாண்டுகள் வகுப்பெடுத்த திருத்தணி ஆசிரியர் அதே வேலைக்கு அதே வழியில் விண்ணப்பிக்க இயலாது. 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் அப்டன் சொற்பொழிவுகளை ஆற்றி, 1936 முதல் 1952 வரை அதே பல்கலைக்கழகத்தில் ஸ்பால்டிங் பேராசிரியராகக் கீழைச் சமயங்களையும் அறநெறியையும் ஆங்கிலத்தில் கற்பித்தவர். அவர் கற்பித்தது ஆங்கில மொழியை அன்று என்பது உண்மையே. எனினும் ஆங்கிலேயர்க்கே ஆங்கிலத்தில் பாடம் சொன்னவரின் ஊரிலிருந்து செல்லும் ஆசிரியரைக் கடவுச்சீட்டைக் கொண்டு மட்டும் விலக்கும் விதி, கற்பித்தலை அளக்கத் தெரியாத விதி என்பதில் ஐயமில்லை.

இந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அது இருக்கும் இடமே வியப்பூட்டுவது. இந்தியாவும் தென்கொரியாவும் 2009 ஆகஸ்ட் 7 அன்று கையெழுத்திட்டு, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம், சுருக்கமாகச் 'சீபா', அடிப்படையில் ஒரு வணிக ஒப்பந்தம். எஃகு, வாகன உதிரிப்பாகங்கள், வேதிப்பொருள்கள் போன்றவற்றின் மீதான சுங்க வரிகளை எந்த ஆண்டில் எவ்வளவு குறைப்பது என்னும் அட்டவணைகளே அதில் பக்கம் பக்கமாக நிறைந்திருக்கின்றன. அதே ஒப்பந்தம், பண்டங்களைப் போலவே பணிகளும் எல்லை கடக்கும் என்ற அடிப்படையில், எந்தெந்தத் தொழில்களைச் சேர்ந்த இந்தியர்கள் கொரியாவுக்குள் தற்காலிகமாகப் பணியாற்ற வரலாம் என்பதற்கும் ஒரு பட்டியல் தருகிறது. கணினி வல்லுநர், பொறியாளர், மேலாண்மை ஆலோசகர், இயற்கை அறிவியலாளர் என்று 163 தொழில்கள் கொண்ட அந்தப் பட்டியலில், தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்கான ஆங்கில உதவி ஆசிரியரும் இடம்பெற்றிருக்கிறார்.

உதவி ஆசிரியர் என்பது இங்கே, வகுப்பைத் தனியே நடத்தாமல், கொரிய ஆசிரியருடன் சேர்ந்து பாடம் நடத்துபவரைக் குறிக்கும். 7 நாட்டவருக்கு எந்தப் பட்டமும் போதும் என்றிருக்க, இந்தியரிடமிருந்து பட்டத்துடன் ஆசிரியத் தகுதிச் சான்றும் கேட்கப்படுகிறது. பாகுபாடுதான், எனினும் ஆசிரியப் பயிற்சிக்கு மதிப்பளிக்கும் கதவு, மதிப்பளிக்காத கதவைவிட இந்த ஊருக்கு ஏற்றது. அதே வேளையில், ஒப்பந்தம் நுழைவை அனுமதிக்கிறதே தவிர வேலையைத் தருவதில்லை. கல்வி அலுவலகமோ பள்ளியோ இந்திய ஆசிரியரை அழைத்தால்தான் அந்த விதி உயிர்பெறும். ஆகவே கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை என்று பணம் கேட்கும் முகவரிடம், பணி பள்ளியிலா பயிற்சி நிலையத்திலா என்று முதலில் கேட்க வேண்டும். பயிற்சி நிலையம் என்று விடை வருமானால், இந்தியக் கடவுச்சீட்டுக்கு இந்த ஒப்பந்தம் அங்கே துணைநிற்காது.

ஜப்பானின் அளவுகோல் வேறு. பள்ளிகளில் மொழி கற்பிப்போருக்கான 'பயிற்றுநர்' வகை வதிவுரிமைக்கு, குறிப்பிட்ட மொழியின் வழியாகவே 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்று அந்நாட்டு விதி கேட்கிறது. இங்கே கடவுச்சீட்டின் நிறம் இரண்டாம்பட்சமாகி, பள்ளிச் சான்றிதழில் உள்ள பயிற்றுமொழி முதன்மை பெறுகிறது. ஆங்கிலவழியில் படித்தவருக்கு இது நியாயமான விதி. அரசுப் பள்ளியில் தமிழ்வழியிலோ தெலுங்குவழியிலோ படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தைத் தேர்ந்து, அதில் தேர்ச்சியும் பெற்றவருக்கு, அவருடைய ஐந்தாம் வயதில் பிறர் எடுத்த முடிவே தடையாகிவிடுகிறது.

இவ்விடத்தில் எத்தியோப்பியாவைக் குறிப்பிடாமல் விட இயலவில்லை. இடைநிலைப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்டிருந்த அந்நாடு, பேரரசர் ஹைலி செலாசியின் காலத்தில், 1950களிலிருந்து இந்திய ஆசிரியர்களைப் பெருமளவில் அழைத்தது. கேரளத்திலிருந்து சென்றோர் அவர்களுள் மிகுதி. கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதைவிட, கரும்பலகை முன் நிற்க ஆள் வேண்டும் என்பதே அன்றைய தேவையாக இருந்தது. 1974 செப்டம்பரில் பேரரசர் பதவியிழந்து இராணுவ ஆட்சி வந்தபின், அங்கிருந்த பலர் பிற ஆப்பிரிக்க நாடுகளின் பள்ளிகளுக்கு இடம்பெயர்ந்தனர். பணியிடத்தைத் தேர்பவர் சம்பளப் பட்டியலுடன் அந்நாட்டின் அரசியல் நிலைமையையும் படிக்க வேண்டும் என்பதற்கு அவர்களின் வாழ்க்கையே சான்று.

சான்றிதழ் வேலைகளைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். கொரியாவும் ஜப்பானும் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்தவை என்பதால், இந்திய வெளியுறவு அமைச்சகம் தரும் 'அப்போஸ்டில்' என்னும் ஒரே முத்திரை பட்டச் சான்றிதழுக்குப் போதும். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற, அவ்வுடன்படிக்கையில் சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்றும் சேர வேண்டும். முகவரை நம்புவதற்கு முன், தமிழ்நாடு அரசு 1978இல் தொடங்கிய, சென்னையில் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை விசாரிப்பது நல்லது. திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலிலேயே போய்வரலாம்.

மாலத்தீவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. பள்ளிகளின் பயிற்றுமொழியே ஆங்கிலமாக இருப்பதாலும், மாணவர்கள் பிரிட்டிஷ் தேர்வு முறைகளின்படி தேர்வெழுதுவதாலும், அங்கே கடவுச்சீட்டைக் காட்டிலும் பாடத்தகுதிக்கே முன்னுரிமை. ஆனால் தலைநகர் மாலேயில் பணியா, தொலைதூரப் பவளத்தீவில் பணியா என்பதைப் பொறுத்து வாடகையும் வாழ்க்கையும் எவ்வளவு மாறுகின்றன என்பதை விரிவாகப் பார்த்த பின்பே அந்நாட்டைப் பற்றி முடிவுக்கு வர இயலும்.

(தொடரும்)