கோபுரம் சாயாமல் இருக்க: டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் வாங்குவோர் அறிய வேண்டியவை

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. ஏறத்தாழ 72 மீட்டர். எதிரே நின்று, உச்சிக் கலசமும் படத்துக்குள் வரட்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், கோபுரம் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோலப் பதிவாகும். மேலே போகப் போகக் கோபுரம் குறுகுவது ஸ்தபதியின் கணக்கு. படத்தில் அதைவிடக் கூடுதலாகக் குறுகினால், அது கேமராவின் சாய்வால் வந்த பிழை.

இந்தப் பிழையைத் தவிர்ப்பதற்கென்றே இருப்பது டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ். கேமராவை மட்டமாக வைத்துவிட்டு, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். இது ஷிஃப்ட். லென்ஸைச் சாய்த்துத் தெளிவு விழும் தளத்தை மாற்றுவது டில்ட். கட்டடப் படங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஷிஃப்ட்தான்.

கேனான், நிக்கான் நிறுவனங்களின் இவ்வகை லென்ஸ் புதிதாக வாங்கினால் பொதுவாக ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். கடன் வாங்கி இதில் முதலீடு செய்யும் இளைஞர்கள் உண்டு. தவறான லென்ஸை வாங்கினாலோ, பில் இல்லாமல் வாங்கினாலோ அந்தப் பணம் மீள்வது கடினம்.

எந்த லென்ஸ் உங்களுக்கு?

இடத்தை அளந்து முடிவு செய்யுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவைச் செங்குத்தாகவும் மட்டமாகவும் வைத்து, 72 மீட்டர் கோபுரத்தைச் சாதாரண 24 மி.மீ. லென்ஸில் முழுதாக அடக்க ஏறக்குறைய 95 மீட்டர் பின்னால் போக வேண்டும். 12 மி.மீ. ஷிஃப்ட் உள்ள 24 மி.மீ. லென்ஸுக்கு 57 மீட்டர் போதும். 17 மி.மீ. என்றால் 40 மீட்டர். நெரிசலான தெருக்களில் இந்த வேறுபாடே படம் கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கும். உங்களுடையது சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால், அதே 24 மி.மீ. லென்ஸுக்கு 70 மீட்டருக்கு மேல் தேவைப்படும். கடைக்காரர் இதைச் சொல்லாமல் விடக்கூடும், நீங்கள் கேளுங்கள்.

கேனான் டிஎஸ்-இ 17 மி.மீ. லென்ஸின் முன்கண்ணாடி புடைத்திருக்கும். அதில் சாதாரண ஃபில்டரைத் திருகி மாட்ட முடியாது, கீறல் விழும் அபாயமும் அதிகம். 24 மி.மீ. இரண்டாம் பதிப்பில் 82 மி.மீ. ஃபில்டர் மாட்டலாம். லாவா 15 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸில் டில்ட் கிடையாது. கட்டடம் மட்டுமே எடுப்பவருக்கு அது குறையல்ல. இந்த லென்ஸ்கள் எதிலும் ஆட்டோஃபோகஸ் இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆண்டுக்கு நான்கைந்து கட்டடம்தான் எடுப்பீர்கள் என்றால் வாடகைக்கு எடுப்பதே நல்லது.

ஏமாறும் இடங்கள்

முதலாவது, கிரே மார்க்கெட். அதிகாரபூர்வ இறக்குமதியாளர் வழியாக வராத சரக்கு விலை குறைவாக இருக்கும். இந்திய வாரண்டி பெரும்பாலும் இருக்காது. இறக்குமதிப் பெட்டியின் மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இரண்டாவது, செகண்ட் ஹேண்ட் லென்ஸ். கண்ணாடி பளபளப்பாக இருக்கலாம், ஆனால் இந்த லென்ஸின் உயிர் அதன் அசையும் பாகங்களில் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்:

• ஷிஃப்டைக் கடைசி வரை நகர்த்திப் பூட்டுங்கள். கேமராவோடு நிமிர்த்திப் பிடித்தால் லென்ஸ் நழுவக் கூடாது.
• அந்த நிலையிலேயே துளையைச் சுருக்கிப் படம் எடுங்கள். உள்ளே ஓடும் மின்நாடா பழுதாகியிருந்தால் கேமரா பிழை காட்டக்கூடும்.
• டில்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, டைல்ஸ் சுவர் ஒன்றை நேர் எதிரே நின்று எடுங்கள். ஒரு ஓரம் தெளிந்து மறு ஓரம் மங்கினால் லென்ஸ் கோணலாகியிருக்கலாம்.
• டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது எளிதில் பிடிக்கும்.

உங்கள் உரிமைகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் குறிப்பிடவில்லையென்றால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை மாட்டிவிட்டுக் குறையுள்ள லென்ஸை உங்கள் தலையில் கட்ட முடியாது.

"தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே அல்ல" என்று சிலர் மிரட்டுவார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் பாதுகாப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே, தானே பயன்படுத்த வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக்காரர்கள் இந்த விளக்கத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: வியாபாரியல்லாத தனிநபரிடம் வாங்கிய பழைய லென்ஸுக்கு இந்தச் சட்டம் கைகொடுப்பது கடினம்.

எங்கே முறையிடுவது?

முதலில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இணைய வணிகத் தளம் என்றால் அதன் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதில் பயனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கடை வேறு மாநிலத்தில் இருப்பது தடையல்ல. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இத்தனைக்கும் ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். லென்ஸ் வந்த அன்றே பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். லென்ஸின் சீரியல் எண் பில்லிலும் வாரண்டி அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு அந்தப் புது லென்ஸால் எடுக்கும் முதல் படம் பில்லும் ஸ்டிக்கரும் ஆகட்டும்; கோபுரத்தை மறுநாள் எடுக்கலாம்.