பறைத்துடவையும் பஞ்சமி நிலமும்

தமிழ் மாணவர் திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்திற்கும் கல்விச் செலவு மேற்கொள்ளுங்கால் கோயிலையும் கல்வெட்டையும் கண்டு மீள்வர். திருமங்கையாழ்வார் பாடிய தலம் என்பதும், பல்லவர் சிற்பத்திறம் என்பதும் குறிப்பேட்டில் இடம்பெறும். அவ்வூர் வயல்களில் உழைத்தோர் யாவர், அந்நிலம் யாருக்குரியது என்னும் வினாக்கள் எழுவதில்லை. நம் பாடங்கள் அவற்றை எழுப்புவதில்லை ஆதலின். ஒடுக்கப்பட்டோர் வரலாற்றைத் தமிழ் வகுப்பில் எங்ஙனம் கற்பிக்கலாம் என்பதனைச் செங்கற்பட்டு நிலத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கறுப்பின மக்கள் காட்டிய நெறி

இத்துறையில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் நமக்கு முன்னோடிகள் ஆவர். அடிமை நிலையினின்றும் விடுபட்ட பெற்றோர்க்கு 1875-இல் பிறந்த கார்ட்டர் உட்சன், 1912-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1926 பிப்ரவரியில் தம் மக்கள் வரலாற்றுக்கென ஒரு வாரத்தை வகுத்தார். 1937-இல் பள்ளியாசிரியர்க்கென்றே ஓர் இதழும் தொடங்கினார். அவ்வாரம் 1976 முதல் ஒரு திங்களாக விரிந்தது. துன்பத்தை மட்டும் கூறாது அம்மக்களின் ஆக்கத்தையும் கூறுதல் வேண்டும் என்பதும், ஆசிரியர் கையில் மூல ஆவணங்கள் இருத்தல் வேண்டும் என்பதும் அவர்தம் பணியால் பெறப்படும்.

நிறவேற்றுமையும் சாதி வேற்றுமையும் ஒன்றல்ல. நிறம் கண்ணுக்குப் புலனாவது; சாதியோ பிறப்பையும் ஊர் அமைப்பையும் பற்றி நிற்பது. எனினும் இரண்டனையும் ஒப்பிட்டு நோக்கியது நம் நாட்டில் புதுவதன்று. மகாத்மா புலே 1873-இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்க உழைத்த அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்கு மடல் எழுதினார்.

நூல்வழிச் சான்றுகள்

இனி, தமிழாசிரியர்க்குக் கைவந்த நூல்களை நோக்குவோம். தொண்டை நாட்டுக் குன்றத்தூரினரான சேக்கிழார், கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் திருநாளைப்போவார் வரலாற்றைப் பாடினார். அதன்கண் நந்தனார்க்குப் பறைத்துடவை என்னும் தொழிலுரிமை நிலம் உண்டு. அதுவே அவர்தம் உணவுக்கு வழி. கோயில் முரசுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் அவர் கொடுத்துவந்தார். அவரை அடக்கி ஆளும் ஆண்டை எவரும் ஆங்கு இல்லை. ஆயினும் கோயிலுள் நுழையத் தீக்குளித்தல் வேண்டியிருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யிலோ நந்தனார் நிலமற்ற பண்ணையாள், சிதம்பரம் செல்ல விடை வேண்டி வேதியராகிய ஆண்டையிடம் மன்றாடுகின்றார். பெரியபுராணத்தில் இல்லாத இவ்வாண்டை எங்கிருந்து வந்தார்? இலக்கிய ஆராய்ச்சிக்குரிய இவ்வினாவே வரலாற்றுக்கும் வாயிலாகும்.

விடையின் ஒரு பகுதி செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் உள்ளது. குடியிருக்கும் மனையும் மிராசுதாரர்க்கே உரியதாதலின், கூலியாள் எதிர்த்துப் பேசின் வீட்டையும் இழப்பான் என்பதனையும், தரிசு நிலம் வேண்டி விண்ணப்பித்தால் மிராசுதாரரே முன்னுரிமை பெற்றனர் என்பதனையும், கடனால் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்தமையையும் அவர் எடுத்துரைத்தார். இதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் 1010-ஆம் எண் ஆணை பிறந்தது. அதன்வழி ஒடுக்கப்பட்டோர்க்கு வழங்கப்பெற்ற நிலமே பஞ்சமி நிலம் எனப்பட்டது; பிற வகுப்பினர் அதனை வாங்குதல் கூடாது என்பது விதி. விதி இருந்தும் நிலம் பலவிடத்துக் கைமாறிற்று. காரணை என்னும் ஊரில் அதனை மீட்கும் போராட்டத்தின் தொடர்பாக 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து இருவர் உயிர் நீத்தனர்.

அதிகாரியின் அறிக்கையோடு நின்றுவிடின் பாடம் குறையுடையதாகும். ஒடுக்கப்பட்டோர் தாமே பேசிய குரலும் கேட்கப்படல் வேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசனார், இழிவுச் சொல்லாக வழங்கப்பட்ட பெயரையே தலைப்பாக்கிப் ‘பறையன்’ என்னும் இதழை 1893-இல் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்து மீண்டார். பொதுச்சாலை, கிணறு முதலியவற்றை யாவரும் பயன்கொள்ளும் உரிமைக்கான தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். அவர்தம் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ 1939-இல் வெளிவந்தது. சிறிய நூலாதலின் ஒரு வாரத்திற்குள் வகுப்பில் படித்து முடிக்கலாம்.

கற்பிக்கும் முறை

ஆசிரியர் கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. முதலாவது, நூல்களைக் கால முறைப்படி அடுத்தடுத்து வைத்தல். அங்ஙனம் வைப்பின், தீண்டாமை என்றும் ஒரே வடிவில் நின்றது என்னும் எண்ணம் நீங்கும். இராசராசன் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுதலும் ஈண்டு எண்ணத்தக்கது. இரண்டாவது, எம்மாணவரையும் தம் சாதிக்குச் சான்று கூறுமாறு எழுப்பி நிறுத்தாமை. நூல் சான்று பகரும். மாணவர் பகர வேண்டுவதில்லை. மூன்றாவது, இழிவுச் சொற்கள் மூலத்தில் வருமிடத்து, அவற்றை வழங்கியோர் யார், எக்காலத்து, எந்நோக்கத்தோடு என்பதனை முன்னரே விளக்குதல். வசையாக எறியப்பட்ட சொல் வேறு. சீனிவாசனார் கொடியாக உயர்த்திய சொல் வேறு.

இவ்வரலாற்றைத் தனிப்பாடமாக ஒதுக்கிவைத்தல் போதாது. பெரியபுராணம் கற்பிக்கும் வகுப்பிலேயே பறைத்துடவை என்னும் சொல்லுக்குப் பொருள் கூறும்போதே இது தொடங்கல் வேண்டும். அச்சொல்லை நில மானியம் என்று மட்டும் உரைத்து மேற்செல்லும் வகுப்பில், முன்னோர் பஞ்சமி நிலம் பெற்று இழந்த குடும்பத்து மாணவரும் அமர்ந்திருத்தல் கூடும். தம் முன்னோர் வரலாறு தமிழ் வரலாற்றின் புறத்தே நிற்பது என்று அவர் கருதாவண்ணம் கற்பித்தல் தமிழாசிரியர் கடனாகும்.